கட்டையின் அடிப்பக்கம்

"நான் குளிச்சிட்டேம்மா! என் ரெண்டு வருஷத்தை எரிச்சு நீ சுடவெச்ச தண்ணியில நான் தலைக்குக் குளிச்சிட்டேன்!" என்று மிருணாளினி கூடத்தின் நடுவில் நின்று கத்தியதை, வீட்டுக்குப் பின்னால் சோலைக்காட்டுக்குள் போகிற கம்பிவேலிச் சந்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தபோது தமயந்தி மனசுக்குள் மறுபடி ஒருமுறை முழுசாகக் கேட்டாள், ஒரு சொல் குறையாமல், அந்தத் 'தலைக்கு' என்ற இடத்தில் குரல் கிறீச்சிட்டது உட்பட. தலையில் முறுக்கிய துண்டு, காதோரம் சரியாகக் கழுவாத சீயக்காய், கையில் விரித்தபடி ஒரு வெறும் செய்தித்தாள். அந்தக் கோலத்தில் ஒருத்தி நின்று கத்தினால் பெற்றவளுக்குச் சிரிப்பு வருமா வராதா, வந்தது, அடக்குவதற்குள் வந்துவிட்டது, அது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், "குச்சிதானேடி, வெளியில கொட்டிக் கெடக்கு, கூடை நெறையப் பொறுக்கித் தரேன், போதுமா?" என்றது. அதோடு கத்தல் நின்றுபோனது. மிருணாளினி துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள், ஈரத்தலையோடு அறைக்குள் போனாள், "மத்தியான பஸ்ல போறேன். இனிமே இங்க வர மாட்டேன்" என்று உப்பு போதவில்லை என்பது மாதிரியான சாதாரணக் குரலில் சொன்னாள். சாதாரணக் குரல்தான் பயம். நேற்று ராத்திரி மழையில் ஊறி வந்து இறங்கி, விடியவிடிய இருமியவள். காலையில் உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டு பாய்லர் பற்றவைக்கப் போனால், ஒரு வாரமாக ஊற்றுகிற மழையில் கொட்டகையில் ஒரு விறகாவது காய்ந்திருக்கிறதா, இல்லை. காய்ந்தது வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. மிருணாளினியின் அறை அலமாரியில், துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் எரியவிடுகிற குண்டு பல்புக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றி அடுக்கிய குச்சியும் பட்டையும், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு. ஆராய்ச்சிக்கு எடுத்ததில் மிச்சம் என்று நினைத்தாள். முக்கியமானது என்றால் கண்ணாடி ஜாடியில் அல்லவா இருக்கும். தமயந்தி படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் சாவி போட்டுப் பூட்டிவைத்திருந்தாளே, ஸ்பிரிட்டில் மிதக்கிற ஓணான், தேள், வேரோடு ஒரு பெரணி, ஜாடிக்கு ஜாடி வெள்ளைச் சீட்டு, அது முக்கியமானது. முக்கியமானதை யாராவது பகோடா மாதிரி பேப்பரில் மடித்து வைப்பார்களா. ஒரே தீக்குச்சிதான் கிழித்தாள். என்ன அருமையாகப் பற்றியது! "உங்க பொண்ணு கொண்டாந்த சுள்ளி மாதிரி இந்த மலையிலேயே கெடையாதுங்க" என்று புருஷன் குலசேகரனிடம் பெருமை வேறு பேசினாள், கடவுளே.

சோலைக்குள் மழை நின்றும் நிற்கவில்லை. மேலே நின்றுவிட்டது, இலைகள் மட்டும் தங்கள் பங்கைச் சொட்டி முடிக்கவில்லை. ஒரு கையில் காய் நறுக்கும் கத்தி, ஒரு கையில் கழுவிக் கவிழ்த்திருந்த ஊறுகாய் பாட்டில். கூடை நெறையப் பொறுக்கித் தரேன் என்று வாய் சொல்லிவிட்டது, இனி உடம்பு செய்து காட்ட வேண்டும், இந்த வாயால் உடம்பு பட்டது கொஞ்சமா. "தமயந்தி, உன் வாய் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது" என்பாள் சிஸ்டர் பெர்னதெத். எதைப் பொறுக்குவது? மிருணாளினி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், குடையும் இல்லாத காம்பும் இல்லாத காளான், விழுந்த மரத்தில் தோசை மாதிரி படுத்துக்கொள்ளும் என்று, சொன்னபோதெல்லாம் இவள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கு அனுமதி வேறு, வனத்துறையில் கடுதாசி வாங்கிக்கொண்டு போய்க் குச்சி பொறுக்குகிறாளாம், இதற்கா நாங்கள் படிக்கவைத்தோம் என்று அவள் அத்தை கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்தோமே, அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பூஞ்சை என்றால் தமயந்திக்கு ஒன்றுதான் தெரியும், தேய்க்க வேண்டும். மதுரை வெயிலில் வளர்ந்தவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மழைக்காலத்தில் கல்யாணச் செருப்பு பச்சைப்பசேலென்று பூத்தது, கட்டிலடியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு பிளீச்சிங் பவுடரை எடுத்தாள், அன்று எடுத்தது, இன்னும் கீழே வைக்கவில்லை. சுவர் மூலை, பெட்டியின் அடி, குலசேகரனின் கோட்டுக் கழுத்து, ஊறுகாயின் மேல்புறம், சாமி படத்துக் கண்ணாடிக்கு உள்ளே கூட. சுரண்டியிருக்கிறாள், பொசுக்கியிருக்கிறாள், கற்பூரம் வைத்திருக்கிறாள். அது போகும், திரும்ப வரும். நான் பெற்ற பெண் போய் அதையே படிக்கிறேன் என்கிறாளே, என்னைக் குத்திக்காட்டவா என்று ஒருநாள் கேட்டே விட்டாள். "இல்லம்மா, நீ தொடைக்கறதை நின்னு பாத்துப் பாத்துதான் எனக்கு ஆசை வந்துது" என்று மிருணாளினி சிரித்தாள். அன்று நன்றாகத்தான் சிரித்தாள்.

முதல் கட்டை அவள் கால் வழுக்கின இடத்திலேயே கிடந்தது, இடுப்பளவு பருமனான மரம், எப்போது விழுந்ததோ, மேலே முழுக்கப் பாசி. குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். யாரோ வெள்ளையடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, எந்தப் பயல் இங்கே வந்து வெள்ளையடிக்கப் போகிறான், இதுதான் அது. சனியன், இவ்வளவுதானா. கத்தியை வைக்கப் போனவள் வைக்கவில்லை, ஏனென்றால் ஓரத்தைப் பார்த்துவிட்டாள். நடுவில் பாலாடை மாதிரி கெட்டியாக, மடிப்பு மடிப்பாக இருந்தது, ஓரத்துக்கு வரவர மெலிந்து, இன்னும் மெலிந்து, கடைசியில் நூல்நூலாகப் பிரிந்து, முறுகல் ரவா தோசையின் ஓரம்கூட அத்தனை மெல்லியதாக வராது, வந்தாலும் கல்லிலிருந்து எடுக்கும்போது உடையும். இது உடையாமல், எந்தக் கரண்டியும் சுற்றாமல், பட்டையின் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி ஏறிப் போயிருந்தது. வெடிப்பை மூடவும் இல்லை, தாண்டவும் இல்லை. அதன் வடிவம் என்னவோ அதுவாகவே ஆகிக்கொண்டு போயிருந்தது. கண்ணாடியைத் தேடினாள், கண்ணாடி தலைமேலேயே இருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தால் அந்த வெள்ளை வெறும் வெள்ளை இல்லை, கஞ்சி போட்ட துணியில் வருமே ஒரு மங்கின மஞ்சள், அது நடுவில், அப்புறம் இளஞ்சிவப்பு ஒரு இழை. சேலைக்காரன் இந்த நிறத்தைக் காட்டியிருந்தால் இரண்டு எடுத்திருப்பாள். இதையா எரித்தேன் என்ற நினைப்பு வந்ததும் உடனே, எரித்தேன் எரித்தேன் என்று எத்தனை தடவை, பிணத்தையா எரித்தேன், அவள்தான் பொட்டலத்தின் மேல் தொடாதே என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் என்ன, எழுதியிருந்தாள், பென்சிலில் பொடிப்பொடியாக என்னவோ எழுதியிருந்தாள், நீதான் படிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். மண்ணும் ஊறின அரிசியும் கலந்த வாசனை. நாளைக்கு அவள் காலேஜில் ஒப்படைக்க வேண்டியதாம், அதை எடுத்துக்கொண்டு போகத்தான் அந்த இருமலோடு மழையில் வந்தாள், அம்மாவைப் பார்க்க இல்லை, அதுவும் கொஞ்சம் குத்தியது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. குலசேகரன். வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு தாழ்ந்த குரலில் பேசவருகிற மனிதர். "எங்க இருக்கே தமயந்தி?" "சோலையில." "இந்த மழையிலயா? ஃபாரஸ்ட்காரன் பாத்தான்னா..." "கையில கத்தி வெச்சிருக்கேன், அவன்தான் பயப்படணும்." அவர் சிரிக்கவில்லை. "அவ பையைக் கட்டிட்டா. நான் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடறேன். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன்." "என்ன வார்த்தை?" "உனக்குத் தெரியாதா?" "உங்களுக்குத் தெரியும்னா நீங்களே சொல்லுங்களேன், காலையில வாயில என்ன கொழுக்கட்டையா?" போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "சாப்பிட்டாளா?" என்றாள். "காபியைக்கூடத் தொடல." "ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு. மொளகாப்பொடி தடவிக் கட்டிக் குடுங்க, எண்ணெய் கூட விட்டு, அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்." "அவளுக்கு இட்லி வேண்டாம் தமயந்தி" என்றார் குலசேகரன், கோபமே இல்லாமல், அந்தக் கோபமில்லாததைத்தான் தாங்க முடியவில்லை. "தலை ஈரமா இருக்கா பாருங்க, காதை மூடிக்கச் சொல்லுங்க" என்பதற்குள் வைத்துவிட்டார். ஓடினால் பிடித்துவிடலாம். ஓடிப்போய் வாசலில் நின்று என்ன சொல்வது, அந்தச் சொல் தமயந்தியின் வாய்க்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளை இழுத்து உட்காரவைத்து இந்த மலைக்குக் கட்டிக்கொடுத்த அம்மாவோடு அவளும் இப்படித்தான் பேசாமல் இருந்தாள், கத்தாமல், சாதாரணக் குரலில் 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் கடுதாசிக்குப் பதில் போடாமல். அந்தப் பேசாமை எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஓடவில்லை. உள்ளே நடந்தாள்.

உள்ளே போகப்போக விழுந்த மரங்கள் கூடிக்கொண்டே வந்தன, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கல்யாண மண்டபத்தில் மறுநாள் காலை நாற்காலிகள் கிடப்பது மாதிரி. ஒரு தடவை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு அதுவேதான், எங்கே பார்த்தாலும், இத்தனை வருஷம் இதே வழியாக நந்தியாவட்டைக்கும் மருதாணிக்கும் போய்வந்தவளுக்கு ஒன்றுகூடத் தெரியாமல் போனது எப்படி. ஒன்று வறண்ட கண்மாய் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. ஒன்றுக்கு முழுக்கப் பல், பூனை நாக்கு மாதிரி பொடிப் பல், தடவினால் விரலில் உரசியது. ஒன்று வெண்கலப் பாத்திரத்தின் அடியில் புளி போட்டு வைத்த நிறம். எதற்கும் அவசரம் இல்லை, எதுவும் தலையை நீட்டிக்கொண்டு என்னைப் பார் என்று நிற்கவில்லை. காளான் என்றால் குடைபிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஆடிவிட்டு அழுகிப்போகும், இவை அப்படி இல்லை, படுத்த இடத்தில் படுத்தபடி வேலை பார்க்கின்றன. என்ன வேலை! பக்கத்துக் கட்டையில் கையை ஊன்றினாள், கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. யானை மிதித்தாலும் அசையாத மரமாக நின்றிருக்கும், இப்போது பாலில் நனைத்த ரஸ்க். நாலு ஆள் வந்து அறுத்துப் பிளந்து, கூலி குறைவென்று முணுமுணுத்து, நடுவில் டீ கேட்டு, முடிக்காமல் போகிற வேலையை இது ஓசைப்படாமல், வியர்க்காமல், நாலு பேருக்குச் சொல்லிக்காட்டாமல் செய்திருக்கிறது. இது இல்லையென்றால் ஆதிகாலத்திலிருந்து விழுந்த மரமெல்லாம் அப்படியே குவிந்து கிடக்கும், வழி ஏது, மண் ஏது, புதுச்செடி எங்கே கால் வைக்கும். தமயந்திக்கு மற்றவர்கள் வேலையைப் பாராட்டிப் பழக்கமில்லை, அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டாலும் ரசத்தில் ஏதாவது சொல்லாமல் வரமாட்டாள், ஆனால் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. பேஷ் என்றாள், சத்தமாகவே. ஒரு செம்மண் நிறத் தகட்டின் ஓரத்தை, எவ்வளவு கெட்டி என்று பார்க்க நகத்தால் லேசாகக் கீறினாள். கீறின கோட்டில் சிவப்பு ஊறியது. ரத்தமேதான், இளரத்தம். "ஐயையோ, மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று புடவைத் தலைப்பால் அதை ஒற்றியெடுத்தாள். ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கட்டைக்குச் சொல்ல வருகிறது. வாயைத் திறந்த உடனே வருகிறது, ஒரு கட்டைக்கு.

பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒன்று, கத்தரிக்காய்த் தோலின் ஊதா, அதைத்தான் வெட்டினாள். பட்டையோடு சேர்த்துப் பெயர்த்தாள், கத்தி நன்றாகத்தான் இறங்கியது. பாட்டிலில் போட்டு மூடியைத் திருகித் தூக்கிப் பார்த்தாள். பாட்டிலுக்குள் ஒரு அழுக்கு. அவ்வளவுதான், காலையில் பாய்லரில் போட்ட அதே அழுக்கு, ஊதா எங்கே போனதோ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து துளி துளியாக வியர்த்தது, இப்படியே வைத்தால் நாளைக்கு இது கொழகொழத்துப் போகும், இத்தனை நாள் சமையற்கட்டில் இருந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா, பேப்பர் என்றால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அதனால்தான் பேப்பர். அதனால்தான் அந்தப் பல்பு. அந்தப் பெண் ஒவ்வொன்றாக மடித்து, எந்த மரம், எந்தச் சரிவு, எந்த மழை என்று பென்சிலால் எழுதி, இரண்டு மழைக்காலம் இந்தச் சில்லிப்பில் முட்டிபோட்டு. கூடை நெறையப் பொறுக்கித் தரேன், போதுமா. போதாதுதான். மூடியைத் திறந்து ஊதாத் துண்டை எடுத்து வெட்டின இடத்திலேயே வைத்தாள். வைத்தால் நிற்குமா, விழுந்தது. மறுபடி வைத்து அழுத்தினாள், விழுந்தது. கத்தியைத் தூரப் போட்டுவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், புடவை போனால் போகிறது.

உட்கார்ந்த இடத்தில் முழங்கையில் இடித்தது ஒரு கிளை, தொடை பருமன், ஒரு முனை மண்ணில், நடுப்பாகம் ஒரு மக்கின கட்டையின்மேல் தாங்கலாகச் சாய்ந்திருந்தது. மேல்பக்கம் ஒன்றுமே இல்லை, கறுப்பு. எழுந்திருக்கலாம் என்று அதைப் பிடித்தபோது கிளை அவளோடு சேர்ந்து எழுந்தது, தாங்கிக்கொண்டிருந்த கட்டை அப்படியே பொலபொலவென்று சரிந்து உட்கார்ந்துவிட்டது, கையில் தூக்கிப் பிடித்த கிளையோடு தமயந்தி பாதி எழுந்து பாதி மண்டியிட்டு அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நீலம். வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லை. கான்வென்ட் வாசலில் மாதா நிற்பாளே, அவளுடைய மேலங்கிக்கு வருஷா வருஷம் புதுசாகப் பூசுவார்கள், பூசின அன்றைக்கு மட்டும் தெரியுமே அந்த நீலம், அதையும்விட ஆழம். வெல்வெட். முழ நீளத்துக்கு, விளிம்பில் மட்டும் ஒரு மயிரிழை வெளுப்பு, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்கிற மாதிரி. வெயில் படாது, ஆள் வராது, குனிந்து பார்த்தாலும் தெரியாது, மண்ணைப் பார்த்துக்கொண்டு இந்த நிறம். யாருக்காக? யாருக்காகவும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் கண்ணிலிருந்து இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மிருணா இதைப் பார்த்திருப்பாளா. பார்த்திருந்தால் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, அம்மா அம்மா என்று சமையற்கட்டு வரை வந்து, நான் விசில் எண்ணிக்கொண்டு. பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழே வைக்கலாம் என்று இறக்கப் போனாள், கை பாதியில் நின்றது. கீழே தாங்கல் இல்லை. கட்டை இருந்த இடத்தில் தூள், தூளுக்கு நடுவில் கூராக ஒரு பாறை முனை. இறக்கினால் நீலத்தின்மேல்தான் ஏறும். உருட்டி வைத்தால் அடிப்பக்கம் மேலே வந்துவிடும், மழை நேராக அடிக்கும், வெளிச்சம் படும், இதற்கு வெளிச்சம் ஆகுமா ஆகாதா, காற்று ஆகுமா, ஒன்றும் தெரியவில்லை. தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வலது கையால் இடுப்பைத் துழாவிப் போனை எடுத்தாள், கட்டைவிரல் ஈரத்தில் வழுக்கியது, மிருணாளினியின் பேரை அழுத்தினாள்.

மணி போயிற்று. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் மிருணாளினி எடுத்துவிட்டாள். பின்னால் வத்தலக்குண்டு வத்தலக்குண்டு என்று ஒருவன் கூவுவதும், எஞ்சினின் உறுமலும், நடுவில் அடக்கப் பார்த்து அடங்காத ஒரு இருமலும் கேட்டது.

"மிருணா, வெச்சிடாதே" என்றாள் தமயந்தி. "திட்டு, அப்புறமாத் திட்டிக்கோ. சோலையில இருக்கேன். ஒரு கெளையைத் தூக்கிட்டேன், அடியில நீலமா, எவ்வளவு அழகுடி, வெட்டலை, சத்தியமா வெட்டலை, வேற ஒண்ணைத்தான் வெட்டினேன், அது ஒட்ட மாட்டேங்குது. இதுக்குக் கீழ இருந்த கட்டை நொறுங்கிப் போச்சு. கல்லுதான் இருக்கு. கீழ வெச்சா நசுங்கிடும், திருப்பி வெக்கலாமான்னு தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியலடி. கை வலிக்குது."

எஞ்சின் சத்தம் மாறியது. கூவினவன் நிறுத்திவிட்டான். பஸ் கதவு அடைபட்டதா திறந்ததா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்துக்கொண்டாள், முகம் அந்த நீலத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது, மூச்சு படாமலிருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மிருணா, கேக்குதா? இதை எப்படி வெக்கணும்? சொல்லேன்."